ஃபோர்ஜ்டா, காஸ்டா? முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அது இல்ல (த்ரெட்)

1/ பழைய அமெரிக்கன் கார் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒரு தீர்ப்பு ரெடியா இருக்கும்: "ஃபோர்ஜ்டு கிராங்க்னா தங்கம், காஸ்ட் கிராங்க்னா குப்பை, தூக்கிப் போடு." இந்த ஒரு வரிய நம்பி, நல்லா இருக்கிற ஒரிஜினல் கிராங்க்ஷாஃப்ட் எல்லாம் எடைக்குப் போகுது. அதைவிட மோசம், விரிசல் விட்ட ஃபோர்ஜ்டு கிராங்க் எந்த சோதனையும் இல்லாம திரும்ப இன்ஜினுக்குள்ள போகுது. கொஞ்சம் நீளமாவே பேசுவோம்.

2/ "ஜி.ஹெச். டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ட்யூட்டி முடிஞ்சா எனக்கு இருக்கிற ஒரே போதை டெட்ராய்ட் வி8. தவிர, பேரைப் பார்த்து வைத்தியம் பண்ணாதீங்க, ஆளைப் பரிசோதிச்சுப் பண்ணுங்கன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கிராங்குக்கும் அதேதான்.

3/ அடிப்படை. பழுக்கக் காய்ச்சின ஸ்டீலை அச்சுக்குள்ள வச்சு அடிச்சு வடிவம் கொண்டு வந்தா ஃபோர்ஜிங். உலோகத்தோட இழை அந்த வடிவத்தை ஒட்டியே ஓடும். உருக்கின இரும்பை அச்சுல ஊத்தினா காஸ்டிங். உடையறதுக்கு முன்னாடி ஸ்டீல் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், வார்ப்பு அந்த அளவுக்குக் கொடுக்காது. இது வரைக்கும் எதிர்க்கட்சி சொல்றது சரி.

4/ தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, 'காஸ்ட்'னு கேட்டதும் கீழ விழுந்தா ரெண்டா உடையற தோசைக்கல்லை நினைச்சுக்கிறாங்க. தோசைக்கல் வார்ப்பிரும்புல கிராஃபைட் செதில் செதிலா இருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு ரெடிமேட் விரிசல். 1943ல இன்கோ கம்பெனியில கீத் மில்லிஸ், உருகின இரும்புல மக்னீசியம் சேர்த்தா அந்த செதில் உருண்டையா மாறுதுன்னு கண்டுபிடிச்சார். அதுதான் நாடுலார் அயர்ன். 1960, 70கள்ல டெட்ராய்ட் போட்ட காஸ்ட் கிராங்க் பெரும்பாலும் இது. தோசைக்கல் இல்ல.

5/ இப்போ ஒரு சின்ன டெஸ்ட். 1955 செவர்லே, 265 கன அங்குல வி8, சாதா குடும்பக் கார்ல 162 குதிரைத்திறன். கிராங்க்? ஃபோர்ஜ்டு. 1960 பிளிமத் வேலியன்ட், சாய்ஞ்ச 6 சிலிண்டர், 101 குதிரைத்திறன். மளிகை வாங்கப் போற வண்டி. அதுவும் ஃபோர்ஜ்டு.

6/ மறுபக்கம், 1970 பியூக் 455 ஸ்டேஜ் 1. கம்பெனி கணக்குப்படி 360 குதிரைத்திறன், 510 பவுண்ட்-அடி டார்க். கிராங்க்? காஸ்ட். 1973-74 பான்டியாக் 455 சூப்பர் ட்யூட்டி. கனெக்டிங் ராடு ஃபோர்ஜ்டு, பிஸ்டன் ஃபோர்ஜ்டு, கிராங்க் மட்டும் நாடுலார் காஸ்ட். 'காஸ்ட்னா குப்பை'ன்னா இந்த ரெண்டு இன்ஜினும் ஷோரூம் வாசல்லயே உடைஞ்சிருக்கணும்.

7/ ஏன் உடையல? வடிவம். கிராங்கை முனைப் பக்கமா பாருங்க. மெயின் ஜர்னலும் ராடு ஜர்னலும் ரெண்டு வட்டம். ரெண்டும் எவ்வளவு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதோ, அவ்வளவு பலம். இதுக்குப் பேர் ஓவர்லாப். பியூக் 455ல மெயின் 3.25 அங்குலம், ராடு 2.25, ஸ்ட்ரோக் 3.9. கணக்குப் போட்டா ஓவர்லாப் 0.8 அங்குலம். செவர்லே 350ல மெயின் 2.45, ராடு 2.1, ஸ்ட்ரோக் 3.48. அங்க 0.53 சொச்சம்தான். எந்த உலோகம்னு மட்டும் கேக்கிறவங்க இந்தக் கணக்கைப் போடவே மாட்டாங்க.

8/ சரி, கிராங்க் எப்படித்தான் சாகுது? பெரும்பாலும் ஒரே அடியில இல்ல. பட்டாளத்துல புதுசா சேர்ந்த பையனுக்கு அடியே படாம, நடந்து நடந்தே கால் எலும்புல விரிசல் விழும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். கிராங்குக்கும் அதே கதை. லட்சக்கணக்கான சுத்துல, ஜர்னல் பக்கச் சுவரோட சேர்ற அந்த வளைவான மூலையில (ஃபில்லட்) முடி மாதிரி ஒரு கீறல் பிறக்கும். மெதுவா வளரும். ஒரு நாள் மிச்சம் இருக்கிற இரும்பு தாங்காது.

9/ அந்த மூலையைக் கெடுக்கிறது யார்? அவசரமா கிரைண்டிங் பண்ற மெஷின் ஷாப். ஜர்னலைச் சரியான அளவுக்குக் கொண்டு வந்துட்டு, வளைவா இருக்க வேண்டிய மூலையைக் கூர்மையா விட்டுடுவாங்க. அப்படி அரைச்ச ஃபோர்ஜ்டு கிராங்கை விட, ஒழுங்கா அரைச்ச காஸ்ட் கிராங்கைத்தான் நான் நம்புவேன்.

10/ அடுத்த குற்றவாளி, முன்னாடி இருக்கிற டேம்பர். கிராங்க் முறுக்கி அதிர்றதை அடக்கறதே அதுக்குள்ள இருக்கிற ரப்பர்தான். 50 வருஷ ரப்பர் எப்படி இருக்கும்? பாளம் பாளமா வெடிச்சிருக்கும். கிராங்க் மாத்த நூத்துக்கணக்கான டாலர் செலவு பண்ணிட்டு, பழைய டேம்பரையே துடைச்சு பெயின்ட் அடிச்சு மாட்டறாங்க.

11/ பேலன்ஸ் இன்னொரு கண்ணி. கிரைஸ்லர் 340 முதல்ல ஃபோர்ஜ்டு கிராங்கோட வந்தது. 1972ல காஸ்டுக்கு மாறினாங்க. காஸ்டுக்குத் தனி டேம்பர், பேலன்ஸ் முறையே வேற. 'அப்கிரேடு'ன்னு ஃபோர்ஜ்டு கிராங்கைப் போட்டுட்டு காஸ்டோட டேம்பரை மாட்டினா, இன்ஜின் தானே தன்னை உலுக்கிக்கும். பேரிங் போகும். அப்புறம் "நல்ல கிராங்க் போட்டும் இப்படி ஆச்சே"ன்னு புலம்பல்.

12/ எது எதுன்னு கண்டுபிடிக்கறது சுலபம். பக்கவாட்டுல மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சா காஸ்ட். பட்டையா அரைச்சு விட்ட தழும்பு தெரிஞ்சா ஃபோர்ஜ்டு. தொங்க விட்டுத் தட்டினா ஃபோர்ஜ்டு மணி மாதிரி கேக்கும், காஸ்ட் 'டொக்'. நெஞ்சைத் தட்டி நோய் கண்டுபிடிக்கிற முறையை 1761ல எழுதி வச்ச ஔயன்ப்ருக்கர் ஒரு சத்திரக்காரர் மகன். அவருக்கு இது பிடிச்சிருக்கும்.

13/ ஆனா தட்டினா உலோகம்தான் தெரியும், ஆரோக்கியம் தெரியாது. நெஞ்சைத் தட்டிட்டு எக்ஸ்ரே வேணாம்னு நாங்க சொல்றது இல்ல. கிராங்குக்கு எக்ஸ்ரே மாதிரி மேக்னாஃப்ளக்ஸ். காந்தம் ஏத்தி, ஒளிர்ற இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊத்தி, புற ஊதா வெளிச்சத்துல பார்த்தா, கண்ணுக்குத் தெரியாத கீறல் கோடு போட்டுக் காட்டும். இதைச் செய்யாத கடையில கிராங்கைக் கொடுக்காதீங்க.

14/ அப்போ ஃபோர்ஜ்டு வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லல. சூப்பர்சார்ஜர், நைட்ரஸ், மணிக்கணக்கா 7,000 ஆர்.பி.எம். ஓடற ரேஸ்னா ஃபோர்ஜ்டுதான். ட்ரான்ஸ்-ஆம் ரேஸுக்காக வந்த செவர்லே 302, ஃபோர்டு பாஸ் 302, அது தவிர கிரைஸ்லர் 426 ஹெமி, எல்லாத்துலயும் ஃபோர்ஜ்டு போட்டாங்க. காரணத்தோட போட்டாங்க. ஞாயித்துக்கிழமை வெயில்ல குடும்பத்தோட சுத்தற வண்டிக்கு அந்தக் காரணம் இல்ல.

15/ பின்ன ஏன் இந்தப் பேச்சு ஓயல? "மாத்திரை போதும்மா"ன்னா மூஞ்சி சுருங்குது. "ஊசி போடறேன்"னா நிம்மதி. ஃபோர்ஜ்டு ஒரு ஊசி. விக்கிறவருக்கு லாபம், வாங்கறவருக்கு நிம்மதி. பரிசோதனைக்குத்தான் ஆள் இல்ல.

16/ இதுல போறது காசு மட்டும் இல்ல. ஓட்டத்துல கிராங்க் உடைஞ்சா, ராடு பிளாக்கைக் குத்திட்டு வெளிய வரும். தன் வண்டியோட நம்பரைத் தாங்கின 1970 பிளாக் ஒரு தடவை ஓட்டையானா, அதே பிளாக்கை இனி எந்தத் தொழிற்சாலையும் வார்த்துத் தராது.

17/ அதனால மெஷின் ஷாப்ல இந்த வரிசையில கேளுங்க. விரிசல் சோதனை பண்ணீங்களா? ஃபில்லட் வளைவு எப்படி இருக்கு? டேம்பர் புதுசா, இந்த கிராங்குக்கு ஏத்ததா? பேலன்ஸ் பார்த்தீங்களா? நாலுக்கும் பதில் வந்த பிறகு, அஞ்சாவதா கேளுங்க: ஃபோர்ஜ்டா, காஸ்டா?

சண்டை போட வர்றவங்க உங்க இன்ஜினோட ஸ்ட்ரோக், ஜர்னல் அளவோட வாங்க. நைட் ட்யூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.