கடல் மயக்கமா, மருந்து மயக்கமா?



குவாலா கெடாவிலிருந்து லங்காவிக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்களில் ஒரு காட்சியைக் காண்கிறேன். படகுத்துறையில் மாணவர் அனைவருக்கும் மிட்டாய்போல் மாத்திரை வழங்குகின்றனர். இஃது அறியாமையன்றி வேறென்ன?

டைமென்ஹைட்ரினேட் என்னும் அம்மருந்து குமட்டலைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால், தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். சில குழந்தைகளுக்கோ நேர்மாறாகப் பரபரப்பைத் தரும். வயதுக்கேற்ப அளவு மாறும். பயணத்திற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். ஃபெரி கிளம்பும் நேரத்தில் கொடுப்பது காலங்கடந்த செயல்.

சென்ற முறை நானும் வாய்மூடி நின்றேன். கரையிறங்கியதும் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் படகுத்துறையின் விளிம்புக்கே தள்ளாடிச் சென்றான். ஓடிக் கையைப் பற்றினேன். வாந்தியைத் துடைத்துவிடலாம், கடலில் விழுந்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

எளிய வழிகள் உள்ளன. புறப்படுமுன் வயிறு நிறைய நாசி லெமாக் வேண்டா. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் அமர்த்துங்கள். சன்னல்வழியே தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியை வாங்கி வையுங்கள். மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும், மருந்தகத்தில் அளவு கேட்டுப் பெற்றோரே கொடுக்கட்டும்.

நம் வசதிக்காகப் பிள்ளைகளைத் தூங்கவைத்து அழைத்துச் செல்வது கல்விச் சுற்றுலா ஆகுமா? சிந்திப்போம்.