நாடோடி அல்ல, நாட்கூலி

ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்க்கும்போது பொருள் மட்டும் கெடுவதில்லை. சில வேளைகளில் அநியாயமும் அழகாகிவிடுகிறது. அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் எட்வின் ஜாக்சனைப் பற்றி நண்பர்களிடையே நடந்த உரையாடல் ஒன்றில், 14 அணிகளுக்கு ஆடிய அம்மனிதரை 'நாடோடிப் பந்துவீச்சாளர்' என்று ஒருவர் வியந்தார். இன்னொருவர் உடனே பாணர் மரபுக்குத் தாவினார். யாழுக்குப் பதில் பந்து, வள்ளலுக்குப் பதில் அணி முதலாளி, அவ்வளவுதான் வேறுபாடு என்றார். அவையில் பல தலைகள் அசைந்தன. அன்று நாம் சொன்ன மறுப்பு எடுபடவில்லை. ஆகவே எழுத்தில் சொல்கிறோம்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஜாக்சனைப் போன்றவர்களை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதனுள் ஒலிப்பதால் நம்மவர்கள் 'நாடோடி' என்று பெயர்த்துவிடுகிறார்கள். ஆனால் அதன் வேர், பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும் அந்நாளின் உழைப்பையும் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. தொழில் பழகி முடித்தும் சொந்தப் பட்டறை வைக்கும் ஆசானாக உயராமல், நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞரே ஜர்னிமேன். ஊர் சுற்றுவது அச்சொல்லின் மையமன்று. பிறர் பட்டறையில் உழைப்பதே மையம்.

இனி அந்த உழைப்பாளியின் கதை. 1983 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் நொய் உல்ம் நகரில், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய தந்தைக்குப் பிறந்தவர் ஜாக்சன். தமது இருபதாம் பிறந்தநாளன்று, 2003-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதன்முறை களமிறங்கினார். எதிரில் பந்துவீசியவர் அக்காலத்தின் பேராற்றல்களில் ஒருவரான ராண்டி ஜான்சன். வென்றவர் ஜாக்சன். இப்படித் தொடங்கும் கதையைக் காவியமாக்க நமக்கெல்லாம் கை துடிக்கும். ஆனால் அடுத்து வந்தவை பெரும்பாலும் விற்பனைச் சீட்டுகளே.

பேஸ்பாலில் 'டிரேடு' என்றொரு நடைமுறை உண்டு. ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு ஆட்டக்காரரையோ பணத்தையோ பெற்றுக்கொள்ளும். ஒப்பந்தம் ஆளோடு சேர்ந்தே கைமாறும். பொதுவாக ஆட்டக்காரரின் சம்மதம் தேவையில்லை. 2006 தொடக்கத்தில் ஜாக்சன் டாட்ஜர்ஸிலிருந்து டாம்பா பேக்கு அனுப்பப்பட்டார். 2008 இறுதியில் டெட்ராய்ட், 2009 இறுதியில் அரிசோனா.

2010 ஜூன் 25 அன்று, தம்மை முன்பு விற்ற டாம்பா பே அணியின் சொந்தக் களத்திலேயே அவர் 'நோ-ஹிட்டர்' வீசினார். ஆட்டம் முழுதும் எதிரணியில் ஒருவர்கூட அடித்து ஓர் இடத்தை எட்டாதபடி வீசுவதற்கு அப்பெயர். முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு பேரைத் தவறான வீச்சுகளால் நடக்கவிட்டார். பிறகும் தளராமல் மொத்தம் 149 பந்துகள் வீசி, 1-0 என முடித்தார். பந்துவீச்சாளரின் தோள் கருதி நூறு பந்துகளை ஒட்டியே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் காலத்தில் 149! அதற்கு அரிசோனா தந்த வெகுமதி என்ன? ஐந்தே வாரங்களில், ஜூலை 30 அன்று, அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பாடிய புலவருக்கு யானை பரிசளித்த மன்னர் உண்டு. புலவரையே எடுத்து அண்டை மன்னனுக்குக் கொடுத்ததாக எந்தப் பாட்டில் நாம் படித்தோம்?

2011 ஜூலையில் ஒயிட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. டொராண்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. சில மணி நேரம் அந்நகரின் உடைமையாக இருந்தவர், அதற்காக ஒரு பந்தும் வீசவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 2019 மே மாதம், ஓக்லண்ட் அணி அவரைப் பணத்துக்கு ஈடாக அதே டொராண்டோவுக்குக் கொடுத்தது. அதுவே அவருடைய 14ஆவது அணி. ஆக்டேவியோ டோடெலின் 13 என்ற எண் முறியடிக்கப்பட்டது. 2025-இல் ரிச் ஹில் 14-ஐ எட்டி இணை நின்றார். வினாடி வினாவுக்கு உகந்த செய்தி. அத்துடன் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாம் நிறுத்தப் போவதில்லை. ஜாக்சன் சென்று சேர்ந்த அதே செயின்ட் லூயிஸில், 42 ஆண்டுகளுக்கு முன், 1969-இல், கர்ட் ஃப்ளட் என்னும் ஆட்டக்காரர் இருந்தார். பன்னிரண்டு பருவங்கள் உழைத்தவரை அணி பிலடெல்பியாவுக்குக் கொடுத்தபோது அவர் போக மறுத்தார். தாம் வாங்கி விற்கும் பொருளல்ல என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் தொடுத்தார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்திருந்தது.

ஆனால் அந்த மறுப்பு வீணாகவில்லை. 1973 ஒப்பந்தத்தில் தொழிற்சங்கம் ஓர் உரிமையை வென்றெடுத்தது. பத்தாண்டுப் பணியும், அதில் இறுதி ஐந்தாண்டுகள் ஒரே அணியிலும் முடித்தவரை அவர் சம்மதமின்றி டிரேடு செய்ய முடியாது. கர்ட் ஃப்ளட் விதி என்றே அதை அழைக்கிறார்கள். இங்கேதான் வாசகர் கவனிக்க வேண்டும். ஜாக்சனுக்குப் பத்தாண்டுத் தகுதி வந்தது. ஐந்தாண்டுத் தகுதி வரவே இல்லை. எந்த அணியிலும் மூன்று பருவங்களுக்கு மேல் அவர் நீடிக்கவில்லை. பெயர்த்து நடப்படாதவருக்கே பெயர்க்காதே என்று சொல்லும் உரிமை. யாருக்கு அது மிகுதியும் தேவையோ அவருக்கு அது இல்லை. இதைத்தான் நம் நண்பர்கள் நாடோடியின் சுதந்திரம் என்று பாடுகிறார்கள்.

கோடிகளில் ஊதியம் பெற்றவர் எப்படிக் கூலியாவார் என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. 2013 பருவத்துக்கு முன் சிகாகோ கப்ஸ் அவருடன் நான்காண்டுக்கு 5.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் முடியுமுன் 2015-இல் விடுவித்தாலும், பேசிய பணம் அவருக்கு உரியதாகவே இருந்தது. 2011-க்குப் பின் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அவரே கையெழுத்திட்டுச் சேர்ந்தவை என்பதையும் மறைக்கமாட்டோம். அடிமை என்ற சொல்லை நாம் அவருக்குச் சூட்டவில்லை. ஊதியத்தின் அளவு வேறு, எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வேறு என்கிறோம். முதலாவது நிறைந்திருந்தால் இரண்டாவதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது முதலாளியின் வாதம். அதை இலக்கியவாதி ஏன் இரவல் வாங்க வேண்டும்?

இன்னொரு சாராரும் உண்டு. அவர்கள் 107 வெற்றி, 133 தோல்வி என்ற கணக்கைக் காட்டிச் சராசரி ஆள் என்று மூடிவிடுகிறார்கள். 2007 முதல் 2013 வரை ஏழு பருவங்கள், ஒவ்வொன்றிலும் 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடக்கப் பந்துவீச்சாளராக அவர் களம் கண்டார். இடையில் ஆறு சீருடைகள் மாறின. ஒவ்வொரு முறையும் புதிய பந்துபிடிப்பாளரின் சைகைகள், புதிய பயிற்சியாளரின் திருத்தங்கள், குடும்பத்துக்குப் புதிய ஊர். அப்படியும் முறை வந்தபோதெல்லாம் மேட்டில் ஏறி நின்றார். மேதைமையை மட்டுமே அளக்கத் தெரிந்த கோலுக்கு இது அகப்படாது. நாவலில் சாமானியனைத் தேடும் நாம், களத்தில் மட்டும் மகாகவிகளையே கேட்பது என்ன நியாயம்?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார் ஜாக்சன். 2022-இல் ஓய்வை அறிவித்தார். இனி அவரைப் பற்றி எழுத விரும்பும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பாணர் பரிசில் தராதவன் வாயிலை விட்டு வெளியேறலாம்; அந்த ஒரு கதவு ஜாக்சனுக்கு நெடுங்காலம் சாத்தியிருந்தது. அதை எழுதுங்கள். சொல் வேண்டுமெனில் தமிழில் இருக்கிறது: நாட்கூலி. அதில் இழிவு ஏதும் இல்லை. ஒரு நாள் வேலையை ஒரு நாளில் ஒழுங்காகச் செய்து முடித்தவர் என்பதே அதன் பொருள்.