ஆர்ச்சர்ட் சாலைக்குக் கிடைத்த காற்று

சுதந்திரக் குடியரசாகி ஐந்து ஆண்டுகளே கழிந்திருந்த சிங்கப்பூர், 1970-ஆம் ஆண்டில், பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் எவரும் புகைபிடிக்கலாகாது என்று சட்டம் இயற்றியபோது, உலகத்தின் பெரிய தேசங்கள் பலவற்றில் ஆகாய விமானத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சிகரெட்டைப் பற்றவைப்பது யாரும் ஆட்சேபிக்காத சாதாரண விஷயமாக இருந்தது. அந்த முதல் அடிக்குப் பிறகு தடை ஒரே வீச்சில் ஊர் முழுவதையும் பிடித்துவிடவில்லை. 2006-இல் உணவங்காடி நிலையங்களும் காப்பிக் கடைகளும், 2007-இல் மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும், 2013-இல் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளங்களும் பொதுத் தாழ்வாரங்களும் கூரையிட்ட நடைபாதைகளும், 2022-இல் பொதுப் பூங்காக்களும் 10 கடற்கரைகளும் என்று, ஜனங்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள அவகாசம் தந்து அடுத்ததைத் தொடுகிற நிதானத்தோடு அது வளர்ந்து வந்திருக்கிறது. 1992-இல் 100 பேரில் 18 பேர் தினமும் புகைபிடித்த இந்நாட்டில், 2020-இல் அந்தத் தொகை 10 அளவுக்கு இறங்கியதற்கு வரியும் விளம்பரத் தடையும் வயது வரம்பும் காரணங்களாக இருந்தாலும், இந்தப் பொறுமையான விஸ்தரிப்புக்கும் அதில் கணிசமான பங்கு உண்டென்றே நான் நம்புகிறேன்.

இந்த வரிசையில், 2019 ஜனவரி 1-ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் நடந்தது வேறு தினுசானது. இன்ன கட்டடம், இன்ன கூரை என்று பிரித்துப் பேசாமல், திறந்தவெளி உட்பட வட்டாரம் முழுவதையும் புகையில்லா மண்டலமாக்கி, புகைக்க விரும்புகிறவர்களுக்கென்று ஏறத்தாழ 40 இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். முதலில் 2018 ஜூலையில் அமலுக்கு வருவதாக இருந்த அந்த ஏற்பாடு, கட்டட உரிமையாளர்கள் அந்த இடங்களைத் தயார்செய்ய வேண்டும் என்பதற்காக ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டது; வந்த பின்னும் முதல் மூன்று மாதங்களை எச்சரிக்கையோடு விட்டார்கள். அதே மண்டல ஏற்பாடு, அதே அவகாசத்தோடும் அதே வசதிகளோடும், லிட்டில் இந்தியாவுக்கும் வர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தேக்கா என்று வழங்கும் லிட்டில் இந்தியாவின் தெருக்களை அறிந்தவர்களுக்கு அதன் அவசியத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையிட்ட பொதுவழி ஒன்று எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டதன் பயனாக உண்டான அஞ்சடிகள், நம் வட்டாரத்தில் வெறும் வழியாக நின்றுவிடவில்லை. கடையும் பட்டறையும் பேச்சு மண்டபமும் அவைதாம். பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் பலகையின் பின்னால் அமர்ந்து, மல்லிகையையும் செவ்வந்தியையும் விரல் ஓயாமல் சரமாகத் தொடுக்கிறவருக்குப் பின்புறம் சுவர், முன்புறம் பூ வாளிகள், எழுந்து விலக இரண்டடி இடம் கிடையாது. கூரையின் கீழ் புகைக்கலாகாது என்பதால், ஒருவர் விதிக்கு மரியாதை செய்தே கூரை விளிம்புக்கு வெளியே, சாக்கடை மூடியின் மேல் நின்று பற்றவைக்கிறார். புகை விளிம்போடு நிற்காமல் உள்ளே வளைந்து, மடியில் கிடக்கும் சரத்தைக் கடந்து, தொடுப்பவரின் முகத்துக்கு வந்துவிடுகிறது. அவர் சிகரெட்டை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். சற்று நேரத்தில் அதே மூடியின் மேல் இன்னொருவர் வந்து நிற்கிறார். பிறர் விட்ட புகையைச் சுவாசிக்க நேர்ந்ததால் மடிகிறவர்கள் உலகத்தில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறதே, அந்தக் கணக்கில் அடங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படி நகர முடியாத இடத்தில் ஜீவனம் செய்கிறவர்களாகவோ, நகர முடியாத வீட்டில் வாழ்கிறவர்களாகவோதானே இருக்க முடியும்? 2004 மார்ச் 29-ஆம் தேதி அயர்லாந்து தன் மதுக்கூடங்களில் புகையை நிறுத்தியபோது முன்னிறுத்திய நியாயம் அங்கே ஊழியம் செய்பவரின் ஆரோக்கியம். நம் அஞ்சடியில் ஊழியம் செய்பவருக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

இப்போதுள்ள விதி இங்கே தோற்றுப்போவதற்கு மனிதர்களின் அலட்சியத்தை மாத்திரம் காரணமாகச் சொல்லிவிட முடியாது. கட்டட வாயில், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றிலிருந்து ஐந்து மீட்டருக்குள் புகைக்கலாகாது என்கிற அளவு, அகன்ற சாலைகளும் தனித்தனிக் கட்டடங்களும் உள்ள இடத்துக்கு ஏற்றது. வாசலும் வாசலும் தோளுரசி நிற்கும் டன்லப் தெருவில், நேற்று வந்திறங்கிய ஒரு வெளிநாட்டு ஊழியர், எங்கே நின்றால் குற்றம், எங்கே நின்றால் குற்றமில்லை என்பதை எதைக்கொண்டு நிதானிப்பார்? பிடிபட்டால் 200 வெள்ளி அபராதம். நீதிமன்றத்துக்குப் போனால் 1,000 வெள்ளி வரை. கட்டுமானத் தளத்தில் உழைக்கிறவருக்கு முதல் தொகையே பல நாள் கூலி. மண்டலமென்று வந்துவிட்டால், குறித்த இடத்துக்குள் நிற்கிறோமா, வெளியில் நிற்கிறோமா என்ற ஒரே கேள்வியோடு சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதை எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலையில் மூண்ட கலவரத்தின் பின்விளைவாக, 2015 ஏப்ரல் முதல் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு மண்டலமாக இருந்து வருகிறது. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சிநேகிதரைக் காணவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் இங்கே வருகிற ஊழியருக்கு, எஞ்சியிருக்கிற சிறு ஆறுதலையும் பறிப்பதா, மறுபடியும் இந்த வட்டாரத்தின் பேரிலேயே ஒரு மண்டலமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலுள்ள மனவருத்தம் நியாயமானது. ஆயினும், ஞாயிறு மாலையில் பெர்ச் சாலைத் திடலைச் சூழ உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் புகைக்கிறவர்கள் அல்லர். புகைக்காத ஊழியரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார், அவருக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான். தவிர, மதுக் கட்டுப்பாடு கலவரத்தின் நிழலில் வந்தது. புகையில்லா மண்டலமோ இந்நகரத்தின் பகட்டான கடைவீதிக்கு முதலில் கிடைத்த சௌகரியம். அதை நமக்கும் கொடுங்கள் என்று கேட்பது சமத்துவத்தைக் கேட்பதாகும்.

சுதந்திரத்தின் பேரால் சொல்லப்படுகிற ஆட்சேபம் இன்னொன்று. வீட்டு ஜன்னலிலும் மாடத்திலும் புகைப்பதைத் தடுக்க வேண்டுமென்று நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் 2020-இல் வாதாடியபோது, அது குடும்பத்தின் அந்தரங்கத்தில் அளவுமீறித் தலையிடுவதாகும் என்று மூத்த துணை அமைச்சர் ஏமி கோர் மறுத்ததில் யோசிக்க வேண்டிய சாரம் இருந்தது. ஆனால் தெரு யாருடைய அந்தரங்கமும் அன்று.

நான் அஞ்சுவதெல்லாம், தடையை மட்டும் கொண்டுவந்து, ஆர்ச்சர்ட் சாலையில் அதனோடு கூட வந்தவற்றை இங்கே மறந்துவிடுவார்களோ என்பதுதான். இடம் கொடாமல் தடுத்தால், புகை கடைவரிசையின் பின்சந்துக்குப் போகும். அங்கேதான் உணவகங்களின் சமையற்கட்டுகள் திறக்கின்றன, பாத்திரம் தேய்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். கைனி, ஸர்தா, குட்கா, மூக்குப்பொடி ஆகியவை 2016 ஆகஸ்டிலிருந்து இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தும், மெல்லும் புகையிலையை மறைவில் விற்பவர்கள் அவ்வப்போது பிடிபட்டே வருகிறார்கள் என்பதையும் கருத வேண்டும். தடையால் மட்டும் பழக்கம் போய்விடாது, அதை விடுவதற்குத் துணை வேண்டும்; சுகாதார மேம்பாட்டு வாரியம் 28 நாள் திட்டமாக நடத்திவரும் புகை நிறுத்த உதவி, தமிழிலும் வங்காளத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளில், ஊழியர் கூடுகிற இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

தீபாவளி ஒளியூட்டை ஆண்டுதோறும் முன்னின்று நடத்துகிற லிட்டில் இந்தியா வணிகர் சங்கமான லிஷா இந்தக் கோரிக்கையைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கொண்டுசெல்லலாம். வியாபாரம் குறைந்துவிடும் என்ற கலக்கம் கடைக்காரர்களுக்கு இருப்பது இயல்பு. ஆகவேதான் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் வாய்திறக்க வேண்டும். பெர்ச் சாலைத் திடலின் ஓரத்தில் ஒன்று, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒன்று, முஸ்தபா கடைத்தொகுதியின் அருகே ஒன்று என்று, கோயில் வாசலுக்கும் பள்ளிவாசலுக்கும் பூக்கடைக்கும் எட்டத்தில், மழைக்கு ஒதுங்கக் கூரையும் சாம்பல் தொட்டியும் உள்ள இடங்களை முதலில் கட்டட்டும். அங்கே போகும் வழியை நான்கு அதிகார மொழிகளோடு வங்காளத்திலும் எழுதி வைக்கட்டும். அதன் பிறகு மூன்று மாதம் எச்சரிக்கை. அபராதச் சீட்டு அதற்கும் பிறகு.