குதிரை கைமாறும்போது ஒரு தாள் வேண்டும்

மலைநகரையும் ஏரிக்கரையையும் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



சீசன் நாளில் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் பல, கயிற்றைப் பிடித்திருப்பவருடையவை அல்ல என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். சொந்தக்காரர் ஒருவர், நாள் கூலிக்கு ஓட்டுபவர் வேறொருவர். முகூர்த்த மாதங்களில் அதே குதிரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகச் சமவெளிக்கு இறங்குகிறது. இடையில் படப்பிடிப்பு வந்தால் அங்கும் போகிறது. மழை மாதங்களில் தீனிச் செலவு கட்டாதபோது, ‘நீ வைத்துப் பார்த்துக்கொள், சீசனுக்குத் திருப்பிக் கொடு’ என்று தெரிந்தவர் வீட்டில் கட்டப்படுகிறது. இத்தனை கை மாறியும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதப்படுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இரவல் கொடுத்த குதிரை எப்படித் திரும்பி வருகிறது என்பதை உரிமையாளர்களிடம் கேட்டால் தெரியும். சேணம் சரியாகப் பொருந்தாமல் முதுகில் புண். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய லாடத்தை மாற்றாததால் குளம்பு வெடித்து நொண்டல். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது வயிறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. புல்லும் தவிடும் தின்று பழகியதற்கு, நிறைய ஓட வேண்டும் என்ற ஆசையில் புதியவர் திடீரென்று கொள்ளை அள்ளிப் போட்டால், தண்ணீரும் போதாமல் போனால், வயிற்று வலி வந்து ஓரிரவில் இறந்துவிடலாம். கொடுத்தவர் ‘நல்ல குதிரையைத்தான் கொடுத்தேன்’ என்பார். வாங்கியவர் ‘வரும்போதே நோயோடுதான் வந்தது’ என்பார். இரண்டு பேரும் உண்மை சொல்வதாகவே நம்பலாம், யாரிடமும் சான்று இல்லாததால்.

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் தங்களிடம் சொல்லிவிடக் கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருளை ஒப்படைப்பது பற்றிப் பேசும் இடத்தில், விளக்க உதாரணமாக எடுத்துக்கொள்வதே குதிரையைத்தான். முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, அது மிரண்டு ஓடி, ஏறியவர் விழுந்து அடிபட்டால் கொடுத்தவரே பொறுப்பு என்கிறது 150ஆம் பிரிவு. வாடகைக்குக் கொடுத்தவருக்கு அந்தப் பிரிவு இன்னும் கண்டிப்பானது. குறை தமக்கே தெரியாது என்று சொல்லியும் அவர் தப்ப முடியாது. ‘நீ மட்டும் ஏறலாம்’ என்று வாங்கிய குதிரையில் தன் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றி, அவர் கவனமாகவே ஓட்டியும் குதிரை தவறி விழுந்து அடிபட்டால், வாங்கியவர் ஈடு தர வேண்டும் என்கிறது 154ஆம் பிரிவின் உதாரணம். காசிக்கு என்று வாடகை பேசிக் கட்டாக்குக்கு ஓட்டிப் போனவரின் கதையும் அங்கேயே இருக்கிறது. மோட்டார் வண்டி வராத காலத்தில் எழுதிய உதாரணங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. சவாரி என்று சொல்லி வாங்கி, பட்டாசு வெடிக்கும் ஊர்வலத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு அவை இன்றும் அப்படியே பொருந்துகின்றன.

ஆனால் அந்தப் பிரிவுகளைக் கையில் எடுக்க வேண்டுமானால், என்ன பேசிக் கொடுத்தோம் என்பதை நிரூபிக்க வேண்டும். குதிரைக்காரர் எவரும் சாட்சி வைத்துக்கொண்டு கயிற்றை நீட்டுவதில்லை.

குற்றவியல் பக்கம் வேறு விதமாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், வதை நேராதபடி நியாயமான கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறிய உரிமையாளரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுகிறார். குதிரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில், வேறொருவர் கையில் இருந்தது என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. 2021இல் ஐதராபாத் அருகே ஒரு பெரிய தமிழ்ப் படத்தின் படப்பிடிப்பில் குதிரை ஒன்று இறந்தபோது, காவல்துறை பதிந்த வழக்கு தயாரிப்புத் தரப்போடு நிற்கவில்லை; குதிரையின் உரிமையாளர் மீதும் பாய்ந்தது. இது நம் ஊர்க் குதிரைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே பிரிவில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. தங்களிடம் அதைக் கேட்கவில்லை.

இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ பொதிதான் உச்சம் என்கின்றன. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. விதி பேசுவது பொதியைப் பற்றி, ஏறி உட்காரும் பயணியைப் பற்றி அல்ல என்று வழக்கறிஞர் வாதிடலாம். குதிரையின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சொந்தக்காரர் தன் குதிரை களைத்துவிட்டால் நிறுத்திவிடுவார், நாளைக்கும் அதை வைத்துத்தானே பிழைக்க வேண்டும். நாள் வாடகை கட்டி எடுத்தவருக்குக் கொடுத்த காசு வர வேண்டும் என்ற கணக்கு. அவரைக் கெட்டவர் என்று சொல்லிப் பயனில்லை. அந்த ஏற்பாடே அவரை அப்படி ஓட்ட வைக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நோய். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. சோதனையில் உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக் கொலை செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. சுற்றுவட்டாரத்தில் குதிரைகளின் நடமாட்டத்தையும் நிறுத்த வேண்டியிருக்கும். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009இன் பட்டியலில் உள்ள நோய் இது. கல்யாணத்துக்கு இறங்கிய குதிரை வேறு ஊர்க் குதிரைகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து ஏரிக்கரையில் நிற்கிறது. அதன் முகத்தைக் குழந்தைகள் தடவுகிறார்கள். அது எங்கே போனது, எதனோடு நின்றது என்று தங்கள் கால்நடை மருத்துவர் கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் எஞ்சியிருக்கும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம்தான், அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையைப் பதிவு செய்ய முடியாது என்று ஒரு நிர்வாகம் சொல்ல முடியாது.

வேறு இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பணம் வாங்காமல், பராமரிப்புச் செலவை மட்டும் ஏற்கச் சொல்லிக் குதிரையை இரவல் கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. இரவல் வாங்கியவர் விற்றுவிட்டுக் கைவிரிக்கும் அபாயமும் அங்கே உண்டு. அதனால் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள் என்று அங்குள்ள குதிரை நல அமைப்புகள் ஓயாமல் சொல்கின்றன. 2020 அக்டோபர் முதல் அங்கே எல்லாக் குதிரைகளுக்கும் தோலுக்கடியில் மைக்ரோசிப் கட்டாயம். குதிரையின் பாஸ்போர்ட் அதை வைத்துப் பராமரிப்பவரிடம் இருக்க வேண்டும். நம் நாட்டுப் பந்தயக் குதிரைகளுக்கும் இப்படி அடையாள ஆவணம் இருக்கிறது. மாட்டின் காதில்கூட 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. ஏரிக்கரைக் குதிரைக்கு மட்டும் நிறத்தையும் நெற்றிச் சுழியையும் சொல்லி அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்பது இது. தங்கள் மாவட்டத்துக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநர் வழியாக, சவாரிக்கும் வாடகைக்கும் விடப்படும் ஒவ்வொரு குதிரைக்கும் இலவச முகாமில் மைக்ரோசிப் பொருத்தி, உரிமையாளர் பெயரோடு பதிவேடு தொடங்க உத்தரவிடுங்கள். ரண ஜன்னித் தடுப்பூசியும் அதே முகாமில் போட்டுவிடலாம். குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும். அடுத்து, குதிரை கைமாறும்போது நிரப்ப வேண்டிய ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் ஒன்றைத் துறை அச்சிட்டுத் தரட்டும். சிப் எண், எதற்காகக் கொடுக்கப்படுகிறது, எத்தனை நாளைக்கு, யார் ஏறலாம், அதற்கு உதைக்கும் கடிக்கும் குணம் உண்டா, வெடிச் சத்தத்துக்கு மிரளுமா, தீனியும் லாடமும் மருத்துவமும் யார் செலவு, மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவை அதில் இருந்தால் போதும். இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதி உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மருந்தக ஊழியர் வாசித்துக் காட்டட்டும்.

நகராட்சிக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும்: பதிவு எண்ணும் படிவமும் இல்லாத குதிரைக்கு ஏரிக்கரையில் சவாரி அனுமதி இல்லை. மாவட்ட எல்லை தாண்டி இறங்கும் குதிரைக்கு நலச் சான்றும், திரும்பி ஏறும்போது கிளாண்டர்ஸ் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மலையடிவாரச் சோதனைச் சாவடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே பிளாஸ்டிக்கைத் தேடும் கண்கள் ஒரு சான்றையும் பார்க்கலாம்.

ஏழைக் குதிரைக்காரர் மீது இன்னொரு சுமையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். காகிதம் கேட்டு அலைய வைத்தால் அவர் பிழைப்பு போகும். அதனால்தான் கட்டணம் இல்லாமல், குதிரை நிற்கும் இடத்துக்கே முகாம் வர வேண்டும் என்கிறோம். தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் இடம் உண்டு. ஆனால் இறந்தது காப்பீடு செய்த அதே குதிரைதான் என்று காட்ட அடையாளம் வேண்டும். இன்று குதிரை இறந்தால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஒழுங்கில்லாத இந்த இரவலில் முதலில் இழப்பவர் அவர்தான்.

சவாரியைத் தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் கூட்டத்தைத் தாங்கள் கூட்டலாம். இணை இயக்குநரும் நகராட்சி ஆணையரும் காவல் கண்காணிப்பாளரும் தங்கள் ஒரு அழைப்பில் ஒரே மேசைக்கு வருவார்கள். புதுச் சட்டமும் புதுத் துறையும் தேவையில்லை. ஏப்ரல் சீசன் தொடங்குவதற்கு முன் அந்தக் கூட்டத்தைக் கூட்டி, முதல் முகாமின் தேதியை அறிவிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.