அலையாத்திக் காடும் ஆய்வுக்கூடமும்

பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் அந்த ஏற்பு நமக்குப் பெருமையே. ஆயினும், பட்டியலில் சேர்ந்ததனால் மட்டும் ஒரு நீர்நிலை பிழைத்துவிடாது. அதன் இயல்பை நாள்தோறும் கண்காணித்து, நேரும் மாற்றத்தை உரிய காலத்தில் சொல்ல அறிஞர்கள் அருகில் இருத்தல் வேண்டும்.

இக்காட்டுக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறது.

ஆய்வினால் விளையும் நன்மைக்குப் பிச்சாவரமே சான்று. இக்காடு அழிவதற்கு விறகு வெட்டுவோரும் கால்நடைகளுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டிய பழைய நிர்வாக முறையால் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. அப்பள்ளங்களில் தேங்கிய ஓதநீர் ஆவியாகி, உவர்ப்பு மிகுந்து, கன்றுகள் கருகின. காரணம் தெரிந்ததும் தீர்வும் எளிதாயிற்று. வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து வாய்க்கால்கள் வெட்ட, ஓதநீர் வந்து திரும்பியது. காடு மீண்டும் தழைத்தது. காரணம் அறியாமல் கன்றுகளை மட்டும் நட்டிருந்தால், பொருளும் உழைப்பும் வீணாகியிருக்கும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டைக் கரையோரத்தின் 18 குப்பங்களை ஆராய்ந்த அப்பல்கலைக்கழகத்தினர், அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்ததாக 2005-இல் எழுதினர். மறு ஆண்டே வேறு அறிஞர்கள் அதே தரவுகளை மறுபகுப்பாய்வு செய்து, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே பெரும் காரணங்கள் என வாதிட்டனர். இதை நான் குறையாகக் கருதவில்லை. தரவுகள் வெளியிடப்பட்டதால்தான் மறுப்பு எழுந்தது. காட்டை மட்டும் நம்பிக் கரையிலேயே வீடு கட்டலாகாது என்னும் எச்சரிக்கையும் கிடைத்தது.

இன்று கவலை தருவது வேறொன்று. ஆய்வுத் திட்டங்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கே நிதி கிடைக்கிறது. கொள்ளிடத்தில் நன்னீர் வரத்து குறைவதன் விளைவையோ, கடல்மட்டம் உயர்வதன் விளைவையோ அறியப் பல பத்தாண்டுத் தொடர் பதிவு தேவை. மாநிலப் பல்கலைக்கழகங்களோ நிதி நெருக்கடியாலும் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களாலும் தவிக்கின்றன. இடையில் அறுந்த பதிவைப் பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் மீட்க முடியாது.

எனவே, நீர்நிலைகளின் தொடர் கண்காணிப்புக்கெனத் தமிழக அரசு நிலையான நிதி ஒதுக்க வேண்டும். திரட்டப்படும் தரவுகள் மீனவர்களுக்கும் தமிழில் சென்று சேர வேண்டும். ராம்சர் பலகையை நட்டு நிற்பதைவிட, ஆய்வுக்கூடத்தின் விளக்கு அணையாமல் காப்பதே பிச்சாவரத்துக்கு நாம் செய்யும் மெய்யான தொண்டு.