மஜ்ஜை மாற்றுக்கு முன் டெலோமியரை அளக்க வேண்டும்

செங்கத்திலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ ஓர் இளைஞர் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிறிய முகம், பல் துலக்கினால் ஈறில் ரத்தம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைவு. சீட்டில் 'ஏபிளாஸ்டிக் அனீமியா' என்று எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

அந்த ஒரே பெயரில் இரு வேறு நோய்கள் இருக்கலாம். பெரும்பாலானோருக்கு உடலின் எதிர்ப்பு அணுக்களே மஜ்ஜையைத் தாக்குகின்றன, ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் மருந்துகள் அதை அடக்கும். சிலருக்கோ பிறவிக் குறை: குரோமோசோம் நுனியைக் காக்கும் டெலோமியர் வயதுக்கு மீறிக் குட்டையாகி, தாய் அணுக்கள் பெருக முடியாமல் ஓய்ந்துவிடுகின்றன. இவர்களுக்கு ஏ.டி.ஜி. பெரும்பாலும் பலிப்பதில்லை. மஜ்ஜை மாற்றுக்கு முன் வழக்கமான வீரியத்தில் மருந்து கொடுத்தாலோ நுரையீரலும் கல்லீரலும் தாங்குவது கடினம். மஜ்ஜை கொடுக்க முன்வரும் அண்ணனுக்கே அதே குறை வெளியில் தெரியாமல் இருக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கும் வட்டாரம் இது. சிகிச்சை பக்கத்திலேயே இருக்க, எந்த நோய் என்று தெரியாமலே அதைத் தொடங்கலாமா?

எனவே மஜ்ஜை செயலிழந்த குழந்தைகள், இளைஞர்கள் அனைவருக்கும் சிகிச்சைக்கு முன்பே டெலோமியர் நீளத்தை அளக்க வேண்டும். முழுச் செலவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும்.

அபூர்வ நோய்க்கு இவ்வளவு செலவா என்பார்கள். பலிக்காத ஏ.டி.ஜி.க்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் எப்படி அளக்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். மலிவான பி.சி.ஆர். முறையில் பிழை அதிகம்; உயிருள்ள வெள்ளையணுக்களில் அளக்கும் ஃப்ளோ-ஃபிஷ் முறையே நம்பகமானது. அதே வயதுடைய ஆரோக்கியமானவர்களில் கடைசி ஒரு சதவீதத்துக்கும் கீழே நீளம் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். மரபணுப் பரிசோதனை அதை உறுதிசெய்ய வேண்டும். ஒப்பிடுவதற்கான அளவுகோலும் நம் மக்களின் ரத்தத்திலிருந்தே வர வேண்டும். ('உங்கள் உண்மை வயது' என்று ஆரோக்கியமானவர்களிடம் விற்கப்படும் டெலோமியர் பரிசோதனை வேறு கதை, அதற்கு அரசுப் பணம் ஒரு பைசாவும் வேண்டாம்.)

இப்படி அளக்கும் ஆய்வகம் வரும்வரை மருத்துவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரி விழுந்து தேய்ந்த நகம், நாக்கில் வெண்திட்டு, கழுத்தில் வலைபோல் கருமை இருக்கிறதா என்று பார்க்கலாம். குடும்பத்தில் இருபது வயதிலேயே நரைத்தவர், குடிக்காமலே கல்லீரல் சுருங்கியவர், நுரையீரல் தழும்பேறி இறந்தவர் உண்டா என்று கேட்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகவே கேட்கலாம்.