நேர்ந்துவிட்ட கிடாக்கள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் எல்லாருந்தான் சாகிறார்கள், இதில் என்ன நிறம் பார்ப்பது என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் பெயரை எடுத்தார்கள். அந்த உறவில் கேட்கிறேன்.

சூப்பர்மேன் 1992இல் செத்து 1993இல் எழுந்து வந்துவிட்டான். 1975இல் எக்ஸ்-மென்னில் சேர்ந்த அப்பாச்சி இனத்து ஜான் ப்ரவுட்ஸ்டார் மூன்றாவது இதழிலேயே செத்தான். அவனை முழுசாக எழுப்ப 2021 ஆயிற்று. (நடுவில் பேயாகக் கூட்டிவந்ததையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.) கோபக்காரன், சொன்னால் கேளாதவன். அந்தக் குணத்துக்குத்தான் வுல்வரின் இருக்கிறானே, ரெண்டு பேர் எதுக்கு? வெள்ளைக்காரன் கோபம் ஐம்பது வருஷமாக விற்கிறது. நிலத்தைப் பறிகொடுத்தவன் கோபம் மூணு இதழோடு சரி.

பில் ஃபாஸ்டர் கதைதான் என்னைத் தூங்கவிடாதது. கறுப்பு விஞ்ஞானி. 1966இல் அவெஞ்சர்ஸ் கதைக்குள் அவன் நுழைந்ததே, பத்தடி உயரத்தில் மாட்டிக்கொண்டு சுருங்க முடியாமல் தவித்த ஹாங்க் பிம் என்ற வெள்ளை விஞ்ஞானிக்கு உதவத்தான். பிறகு தானே பூதாகாரமாய் வளர்கிறவன் ஆனான். 1976இல் 'பிளாக் கோலியாத்' என்று தனி இதழ்; அஞ்சோடு நின்றுபோயிற்று. 2006இல் 'சிவில் வார்'. அயர்ன் மேனுக்கும் கேப்டன் அமெரிக்காவுக்கும் சண்டை. ரெண்டு வெள்ளைத் துரைமார் மோதலில் தோரின் நகல் எறிந்த மின்னல் யார் நெஞ்சைத் துளைத்தது? ஃபாஸ்டர் நெஞ்சை. அதைப் பார்த்துத்தான் சூ ஸ்டார்ம் புருஷனை விட்டுக் கிளம்புகிறாள். அடுத்தவர் மனசாட்சி விழிக்க இவன் சாக வேண்டும். உடலைச் சுருக்க முடியவில்லையாம். அப்படியே சுற்றிச் சங்கிலி கட்டி, 30க்கும் மேற்பட்ட கல்லறை இடங்களைச் சேர்த்துத் தோண்டிய குழியில் இறக்கினார்கள். வெள்ளைக்காரனைச் சுருக்க ஓடியாடினவன் பிணத்தைச் சுருக்க ஒரு நாதி இல்லை. பிணம் போகிற பாதைக்கே அடிவாங்குகிற நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹாங்காங்கிலிருந்து வந்த ரயன் சோய் 'ஆட்டம்' ஆனவன். பழைய வெள்ளை ஆட்டம் திரும்பி வந்தாயிற்று. 2010இல் இவனைக் கொன்று உடலைத் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். தீப்பெட்டியில்!

கதைக்குத் தேவைப்பட்டது என்பார்கள். கதை யாருடையது? ட்வெய்ன் மக்டஃபியும் கூட்டாளிகளும் 1993இல் மைல்ஸ்டோன் என்று சொந்தமாக ஆரம்பித்ததே இந்தக் கேள்வியில்தான். அங்கே கறுப்பன் வாழ்வதற்கும் கதை இருந்தது. மற்ற இடத்தில் கிடா வளர்ப்புதான். தீனி போடுவார்கள், மாலை போடுவார்கள், திருவிழா எப்போது என்று கிடாவுக்கு மட்டும் தெரியாது.

கமலா கானுக்கும் மாலை போட்டார்கள். பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பொண்ணு, 2014இல் சொந்தப் பெயரில் இதழ் வந்தது. 2023இல் அவளைக் கொன்றது அவள் இதழில் அல்ல, ஸ்பைடர்மேன் இதழில். அதுவும் மேரி ஜேன் உருவத்தை எடுத்துக்கொண்டு, மேரி ஜேனுக்கு வந்த குத்தைத் தான் வாங்கிச் செத்தாள். ரெண்டு மாசத்தில் எழுப்பிவிட்டார்களே என்கிறார்கள். அப்புறம் எதுக்குக் கொன்றீர்கள்?

2007இல் கேப்டன் அமெரிக்கா செத்தபோது ஒப்பாரிக்கு ஐந்து இதழ் போட்டார்கள். பெயர் 'ஃபாலன் சன்', அதாவது வீழ்ந்த மகன். கமலாவுக்கு ஒரே இதழ். பெயர் 'ஃபாலன் ஃப்ரெண்ட்', வீழ்ந்த சிநேகிதி. ஜெர்ஸி சிட்டியில் வளர்ந்த பிள்ளை அவள். மகள் என்று எழுத ஒருத்தருக்கும் கை வரவில்லை.